பலாமேட்டார் மூன்று வடக்கையும் பார்த்த கதை

பலாமேட்டுக்காரர்களைப் பற்றி நான் தப்பாகப் பேசமாட்டேன். என் தங்கையை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், சிரிப்பு வந்தால் அது உங்கள் பாடு.

மலை உச்சியில் அறுபது வீடு. அந்த ஊர் நாச்சாயியின் மகள் செல்லக்கிளி நார்வே தேசத்தில் நர்ஸாக இருக்கிறாள். போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு தை மாதக் காலையில் அவள் போன் செய்தாள். ஊரில் சிக்னல் கிடைப்பது கோயில் பாறை மேல் மட்டும்தான். அதனால் யாருக்குப் போன் வந்தாலும் ஊரே கூட நின்று கேட்கும்.

“அம்மா, இங்க ராத்திரி வானத்துல பச்சையா ஒளி ஆடும். வடக்கு ஒளின்னு பேரு. இன்னிக்கு நாங்க பாக்கப் போறோம். மேட்டுக்குப் போகணும். ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கக்கூடாது. கம்பளி போத்திக்கணும். கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கிட்டு வடக்கயே பாத்துட்டிருந்தா வரும். நீயும் பாத்தா எப்பிடி இருக்கும்மா! ஆனா அங்க…”

அதோடு சிக்னல் போய்விட்டது.

நாச்சாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ரெண்டு வருசமா அவ பாக்கறது ஒண்ணு, நான் பாக்கறது ஒண்ணு. ஒரே ஒரு நாளு எம்மக பாக்கறதை நானும் பாக்கணும்ண்ணே” என்று ஊர்த்தலைவர் ஆண்டியப்பனிடம் சொன்னாள்.

ஆண்டியப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். “அழாத நாச்சாயி. செய்முறையத்தான் சொல்லிட்டாளே. ஒண்ணு விடாம செஞ்சா ஒளி வராம எங்க போயிரும்?”

முதல் வேலை மேட்டுக்குப் போவது.

“நாம மேட்டுலதான இருக்கோம்?” என்றான் மைக்செட் சடையன்.

“இருக்கோம். ஆனா போகலையே” என்றான் குழந்தையன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவன், அவன் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது.

ஆகவே அறுபது வீட்டுச் சனமும் நாலாவது கொண்டை ஊசி வளைவு வரை இறங்கி, அங்கே ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, மறுபடி ஏறத் தொடங்கியது. குழந்தையன் டீக்கடையிலேயே துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டான். இப்போதே இருட்டுக்குப் பழகிவிட்டால் ராத்திரி நேரம் மிச்சமாம். கண் பழகியவன்தானே வழிகாட்ட வேண்டும் என்று அவனையே முன்னால் விட்டார்கள். இரண்டு மிளகுத் தோட்டம், ஒரு பன்றிக் கொட்டில் எல்லாம் புகுந்து வெளியே வந்து ஊர் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நாச்சாயியின் முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. ஆனால் மேட்டுக்குப் போன திருப்தி எல்லார் முகத்திலும் இருந்தது.

அடுத்து, வெளிச்சம். எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்தாயிற்று. சரிபார்க்கச் சடையன் டார்ச்சோடு போனான். முதல் வீட்டுக்குள் நுழைந்ததுமே கத்தினான்: “தலைவரே, உள்ள பளிச்சுன்னு இருக்கு!”

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. பதினோரு வீட்டுக்காரர்கள் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்கள். கடைசியில் டார்ச்சை அணைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போய்விட்டுத் திரும்பிய சடையன் கவலையோடு சொன்னான்: “ஒண்ணுமே தெரியல தலைவரே. விளக்கு அணைஞ்சிருக்கா இல்லையான்னுகூடத் தெரியல.”

பெரிய கஷ்டம் வடக்கைக் கண்டுபிடிப்பதில் இருந்தது. சூரியனை வைத்துச் சொல்லலாம் என்றால் அது மறைந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

குழந்தையன் யோசித்தான். “நம்ம ஊர்ல எவனாச்சும் வடக்க தலை வெச்சுப் படுப்பானா?”

“சிவ சிவா” என்றார் ஆண்டியப்பன்.

“அப்ப நாலு பேரைப் படுக்க வெப்போம். எந்தப் பக்கம் தலை இல்லையோ அதான் வடக்கு.”

இதைவிடத் துல்லியமான ஏற்பாடு எந்த ஊரில் உண்டு? நாலு பேரைச் சாமைக் காட்டில் படுக்க வைத்தார்கள். காடு சரிவு. நாலு பேரும் மேடான பக்கமே தலை வைத்துத் தூங்கிப்போனார்கள்.

ஆண்டியப்பன் விரல் விட்டு எண்ணினார். “மூணு பக்கம் தலை இல்ல. அப்ப மூணு வடக்கு.”

சனம் மூன்று கூட்டமாகப் பிரிந்து மூன்று பக்கமும் திரும்பி உட்கார்ந்தது. நாச்சாயி தவித்துப் போனாள். “எம்மக எந்த வடக்கப் பாப்பாண்ணே?”

“நீ பெத்தவ. நடுவுல நின்னு மூணையும் மாத்தி மாத்திப் பாரு.”

அவளும் வீங்கிய முட்டியோடு நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து நிலா கிளம்பியது.

“அது யாரு வீட்டு விளக்கு?” என்று அதட்டினார் ஆண்டியப்பன்.

“நிலா தலைவரே.”

“யாராயிருந்தா என்ன? ஒரு பொட்டு வெளிச்சம் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லியிருக்கு.”

நிலாவை அணைக்க வழியில்லை. கம்பளி இருந்தது. கால் முதல் உச்சந்தலை வரை இழுத்துப் போர்த்தி, ஒரு பொட்டு வெளிச்சமும் புகாதபடி ஓரங்களைக் காலால் மிதித்துக்கொண்டு, விடிய விடிய ஊரே வடக்கே பார்த்தது. ஒருவரும் கண் சிமிட்டவில்லை என்று என் தங்கை இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

விடியற்காலையில் எல்லாரும் கோயில் பாறை மேல் ஏறி நின்றதும் போன் வந்தது. நாச்சாயி மூக்கை உறிஞ்சினாள். “நான் ஒண்ணுமே பாக்கலடி கண்ணு. வெறும் கறுப்பு. குடுத்து வெக்காத ஜென்மம் நான்.”

“அட, விடும்மா. இங்கயும் ஒரே மேகம். ஒளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ராத்திரி முழுக்க நானும் வெறும் இருட்டைத்தான் பாத்துட்டிருக்கேன்.”

நாச்சாயி போனை இறுக்கிப் பிடித்தாள். “கறுப்பாவா?”

“ஆமாம்மா.”

“அசையாம? கடைசி வரைக்கும்?”

“ஆமாம்மா.”

“அடியே, அதேதான்டி! நானும் அதையேதான்டி பாத்தேன்!” என்று பாறை அதிர அவள் குதித்தாள். முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்றோ. ஊரே கைதட்டியது, சடையன் அழுதுவிட்டான்.

குழந்தையன் மட்டும் கிழக்கே வெளுப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டான். “தங்கச்சி, இப்பவும் அங்க இருட்டாவா இருக்கு?”

“ஆமாண்ணா. இங்க விடியறதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு.”

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே இல்லை, அங்கே இருக்கிறது. ஆண்டியப்பன் போனை வாங்கினார்.

“பாப்பா, எங்க இருட்டு அங்கதான் வந்திருக்கு. நீ நல்லா பாத்துக்கம்மா, அவசரமில்ல. ஆனா சாயங்காலம் ஆறரைக்குள்ள திருப்பி அனுப்பிரு. இங்க கைக்குழந்தைங்க தூங்கணும்.”

அன்று மாலை ஆறரைக்கு மணியடித்தாற்போல் இருட்டு வந்து இறங்கியது. பொறுப்பான பிள்ளை, ஒரு கிழிசல் இல்லாமல் அனுப்பியிருக்கிறாள் என்று ஊரே மெச்சியது. நாச்சாயி மட்டும் அன்றைக்கு விளக்கேற்றவில்லை. வாசலில் உட்கார்ந்து, தன் மகள் பார்த்த இருட்டை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டியப்பன் வந்து மெல்லக் கனைத்தார். “போதும் நாச்சாயி, சுருட்டி வெச்சு அனுப்பு. அங்க அந்தப் புள்ள இருட்டு இல்லாம தூங்காம உக்காந்திருக்கும்.”