தெரியாது என்று சொல்லக்கூடாத பெட்டி

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனி. அங்கே புதிதாய்ச் சேர்ந்த தெய்வானை, மோட்டாரில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி செய்திருந்தாள். போனில் தட்டிக் கேட்டால் மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று சொல்லும். வேறெதைக் கேட்டாலும் "தெரியாது" என்றுவிடும்.

மேனேஜர் ரங்கநாயகத்துக்கு அது பொறுக்கவில்லை. "என் கம்பெனிப் பெட்டி தெரியாதுன்னு சொல்றதா? நாளைக்கு டீலருங்க வர்றாங்க. எதைக் கேட்டாலும் பதில் போகணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!"

"சரிங்க சார். அதுக்குத் தெரியாததை, எல்லாந் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்ல வச்சிடறேனுங்க."

"அப்படி வா வழிக்கு!"

மறுநாள் டீலர்கள் ஆளுக்கொரு கேள்வியைத் தட்டினார்கள். பெட்டிக்குத் தெரியாததெல்லாம் மேனேஜரின் போனில் வந்து விழுந்தது. கரண்ட் எப்ப வரும்? மழை பெய்யுமா? என் கிணறு ஏன் வத்துச்சு? போன் அலறிய அலறலில் மனிதர் வரவேற்புரையைக்கூட முடிக்கவில்லை.

"என்னம்மா இது?"

"இங்க எல்லாந் தெரிஞ்சவர் நீங்கதானுங்களே சார்! பதில் சொல்லுங்க, பெட்டி காத்திட்டிருக்குது."

மேனேஜர் போனை அவள் பக்கம் நீட்டினார். "எனக்கென்ன தெரியும்? தெரியாதுன்னு சொல்லித் தொலை!"

"அதைத்தானுங்க சார், அது நேத்தே சொல்லுச்சு."