பதினேழாம் கம்பத்தின் மூன்று கோடுகள்

நாற்பத்து மூன்று நாட்கள் சிற்றம்பலம் வாய் திறக்கவில்லை. விசாரணையில் என்ன கேட்டாலும், "பொறுப்பு என்னுதுங்க" என்ற ஒரே பதிலைத்தான் சொன்னார்.

புறநகர் ரயில் பாதையில் முப்பத்தெட்டு சிக்னல் கம்பங்களைத் துடைத்துப் பேணுவது அவர் வேலை. ஓர் ஏணி, கந்தல் துணி, ஒரு பெயின்ட் டப்பா. தூசி படிந்த விளக்குக் கண்ணாடியைத் துடைப்பார். எண் தகட்டைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டுவார். நகரத்தை விட்டுப் போகிற ரயில்களுக்கு ஒற்றைப்படை எண், உள்ளே வருகிறவற்றுக்கு இரட்டைப்படை. கேபினில் அமர்ந்து சிக்னல்களை இயக்குகிறவர் கம்பத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. எண்ணை மட்டுமே அறிவார்.

"சிவனையும் யாரும் பாத்ததில்ல. பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறோம்," என்பார் சிற்றம்பலம். எண்ணைத் துடைக்கும்போதெல்லாம் அவர் உதடுகள் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தகட்டின் நட்டை முடுக்கியதும், இறுகியதற்கு அடையாளமாகத் தகட்டிலிருந்து கம்பம்வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பது வழக்கம். அவர் மூன்று விரலால் மூன்று கோடு இழுப்பார், நெற்றிப் பட்டை போல. கூட வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி மாசிலாமணிக்கு அதைக் கண்டால் சிரிப்பு.

"இன்னாண்ணே, பட்டை போட்டா சிவப்பு பச்சையாயிடுமா?"

"சிவப்பு சிவப்பாவே இருந்தாப் போதும்பா."

விபத்து நடந்த காலையில் பத்தொன்பதாம் சிக்னல் பழுதாகிச் சிவப்பிலேயே நின்றிருந்தது. அதே திசையில் போகும் பக்கத்துத் தடத்தில் பதினேழும் சிவப்பு. ஆனால் அது பழுதல்ல. அதற்கப்பால் தண்டவாளத்தில் ஆட்கள் வேலை செய்ததால் வேண்டுமென்றே போட்டது. பதினேழின் முன் வந்து நின்ற ஓட்டுநர் தகட்டைப் படித்துக் கேபினுக்குப் போன் செய்தார். "பத்தொன்பதுல நிக்கிறேன்." பத்தொன்பது பழுது என்று அறிந்திருந்த கேபின் மாஸ்டர், அதைத் தாண்டிப் போக அனுமதி கொடுத்தார். ரயில் தாண்டியது பதினேழை. மெதுவாகத்தான் போனது. ஆனாலும் வளைவுக்கு அப்பால் குனிந்து ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த அஞ்சலை நிமிரவே இல்லை.

முந்தின மாலை கழுவிய இரண்டு தகடுகளும் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தன. விசாரணைக்காக அவற்றைத் தொடாமல், கீழே சரியான எண்ணைத் தனியாக எழுதி வைத்தார்கள். பதிவேட்டில் சிற்றம்பலத்தின் கையெழுத்து இருந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போலீஸ் வழக்கும் வந்தது.

அஞ்சலையின் கணவர் கஜபதி வீடு தேடி வந்தார். "இருபத்தொம்போது வருசமா தொடச்சியே, ஒரு நம்பரை ஒழுங்கா மாட்டத் தெரியலியாய்யா உனக்கு?"

சிற்றம்பலம் அவர் காலடியில் விழுந்தார். கஜபதி காறித் துப்பிவிட்டுப் போனார். முதுகில் பட்டதைத் துடைக்காமல் வெகுநேரம் அப்படியே கிடந்தார் அடியார்.

மனைவி வடிவு அழுதார். "அன்னிக்கு சாயங்காலம் நீ எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியும். சொல்லேன்யா. ஜெயிலுக்குப் போறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

"சொன்னா இன்னொரு வீடும் இப்படித்தான் ஆகும்."

"உன் சிவன் பாத்துப்பாரா?"

"பாத்துக்கணும்னு நான் கேக்கல, வடிவு."

தினமும் காலையில் வேலிக்கு வெளியே நடந்தார். ஒவ்வொரு கம்பத்தின் எண்ணையும் படித்து நாமம் சொன்னார். பதினேழின் எதிரில் மட்டும் நாமம் வராது. அஞ்சலை என்றுதான் வரும்.

நாற்பத்து மூன்றாம் நாள், வேலைநீக்க உத்தரவில் கையெழுத்திடும் முன் கம்பங்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார் விசாரணை அதிகாரியான அம்மாள். சிற்றம்பலமும் மாசிலாமணியும் ஏணியைச் சுமந்து சென்றார்கள். அந்த அம்மாள் தாமே ஒவ்வொரு கம்பமாக ஏறினார்.

"இது என்ன மூணு கோடு?"

"பழக்கங்க, மேடம்."

கம்பத்துக்குக் கம்பம், தகட்டில் தொடங்கிய கோடுகள் நட்டின் மேல் ஏறிக் கம்பத்தில் நேராக முடிந்தன. பதினேழில் முடியவில்லை. தகட்டில் மூன்று, கம்பத்தில் மூன்று, ஒன்றோடொன்று சேரவில்லை. பத்தொன்பதிலும் அப்படியே.

அதிகாரி ஏணியிலிருந்தே கேட்டார். "எல்லாத்துலயும் கோடு சேருது. இந்த ரெண்டுல மட்டும் சேரல. மாட்டினப்புறம் புதுசா கோடு போடவே இல்ல. கடைசியா இந்த நட்டை முடுக்குனது நீங்க இல்ல, பெரியவரே. யாரு?"

"பொறுப்பு என்னுதுங்க."

இறைவன் தம் அடியாருக்குச் சாட்சி சொல்ல எழுந்தருளியது அந்தப் பெயின்ட் கோடுகளில்தான். ஊர் சிரித்த மூன்று விரல் தடங்களை வெயிலிலும் மழையிலும் அழியாமல் காத்து வைத்திருந்தான். இத்தனை எளிய பூசையை ஏற்றவன் பெரியவன். இட்டவர் அவனுக்கு இனியவர்.

ஏணியைப் பிடித்திருந்த மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், அன்னிக்குப் பிரதோசம். 'நீ கோயிலுக்குப் போண்ணே, நான் பாத்துக்கிறேன்'னு நான்தான் அனுப்பினேன். கையெழுத்தை முன்னாடியே போட்டுட்டுப் போனாரு. ரெண்டு தகடையும் மாட்டினது நான்."