கம்பளத்தில் வந்த கழுத்து

கிட்ட வந்து உட்காருங்க. பிரதானி வம்சத்தார் யார் காதிலாவது விழுந்தால் வீண் வம்பு.

பொன்னம்பல ராசாவிடம் பிரதானியாக இருந்தவர் குற்றாலலிங்கம். ராசா தும்மினால் அது என்ன ராகம் என்று சொல்லித் தலையாட்டுகிற பிறவி. அந்த அரண்மனைக்குத் திபெத்திலிருந்து பேமா என்று ஒருத்தி வந்தாள். கையால் முடிச்சுப் போட்டுக் கம்பளம் நெய்கிறவள். தாமரை, மேகம், புலி என்று அவள் விரித்துக் காட்டியதைப் பார்த்து ராசா சொக்கிப்போனார்.

பிரதானிக்குப் பொறுக்குமா? "புலியாவது பூவாவது! படுக்கையறைத் தரைக்கு மகாராசா திருவுருவம்தான் பொருத்தம்" என்றார். ராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பேமா கும்பிட்டாள். "மனுஷர் முகத்தைக் காலுக்குக் கீழே நாங்கள் போடுவதில்லை, ஐயா."

"உத்தரவையா மறுக்கிறாய்? கட்டைவிரலை எடுத்தால் வழிக்கு வருவாய்!" என்று சீறினார் பிரதானி.

விரல் போனால் அவள் முடிச்சுப் போடுவது எப்படி? சபையில் அத்தனை பேரும் ராசா வீட்டு நெய்ச்சோறு தின்ற வாய்கள். ஒன்றாவது திறக்கணுமே! விகடம் பேசிச் சபையைச் சிரிக்கவைக்கும் சங்கிலியாண்டி மட்டும் முன்னே வந்தான். அவள் தறியில் வேலை செய்வதை அவன் முன்னமே பார்த்திருந்தான். ஒவ்வொரு வரிக்கும் ஒரு இரும்புக் கம்பி வைத்து, அதன்மேல் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவாள். வரி முடிந்ததும் கம்பியோரமாய்க் கத்தியால் நூலை அறுப்பாள். அறுத்தால்தான் கம்பி வெளியே வரும்.

"நெய்யட்டும் மகாராசா," என்றான், பேமாவுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு. "ஆனால் திருமேனியாச்சே! யோசனை சொன்ன பிரதானியாரே பக்கத்தில் நின்று, எந்த இடம் என்று பேர் சொல்லி உத்தரவு கொடுக்கட்டும். அப்புறம்தான் கத்தி படணும்."

பிரதானிக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு தறியோரம் போய் நின்றார். ராசாவும் எதிரே ஆசனம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்பளம் நாளுக்கு நாள் கீழிருந்து மேலே வளர்ந்தது.

"வேட்டிக் கரையை அறு!" அறுத்தாள்.

"சால்வையை அறு!" அறுத்தாள்.

"முத்துமாலையை அறு!" அதையும் அறுத்தாள்.

அடுத்த வரிக்குக் கத்தியை ஓங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஐயா, இது கழுத்து."

பிரதானியின் வாய் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டது.

"ஏன் மென்று முழுங்குறீங்க?" என்றான் சங்கிலியாண்டி. "'மகாராசா கழுத்தை அறு.' இவ்வளவுதானே!"

"ஐயையோ! வேண்டாம், அறுக்காதே!"

"அப்போ மகாராசா கழுத்திலே இரும்புக் கம்பி சொருகினது சொருகினபடியே கிடக்கட்டும் என்கிறீங்களா?"

ராசா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிரதானி பின்வாங்கி, கால் தடுமாறி, நூலுருண்டைக் குவியலில் தொப்பென்று விழுந்தார். ராசாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"என்னைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புலியையே நெய், தாயே! உன் விரல்மேல் யார் கை வைக்கிறான் பார்க்கிறேன்" என்றவர், தோளில் கிடந்த பட்டுச் சால்வையைச் சங்கிலியாண்டிக்குத் தூக்கிப் போட்டார்.

பிரதானி மெல்ல எழுந்து வாசல் பக்கம் நழுவினார். சங்கிலியாண்டி சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி கூப்பிட்டான்:

"பிரதானியாரே! கழுத்தறுப்பு உங்களுக்குக் கைவந்த வேலையாச்சே. இன்றைக்கு மட்டும் ஏன் பாதியிலே விட்டுட்டுப் போறீங்க?"