தொட்டிலில் இருந்த பங்கு

தட்... தட்... தட்!

விடிவதற்குக் கொஞ்சம் முன்னே வாசலுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டுகிற சத்தம் இல்லை. பதுங்கின பன்றியைக் கிளப்புவதற்கு வேட்டைக்காரர்கள் கோலால் புதரை அடிப்பார்களே, அந்தச் சத்தம். யாரோ வீட்டையே ஒரு புதராக நினைத்துச் சுற்றிச் சுற்றி அடித்தார்கள்.

இது நடந்தது வெகு வெகு காலத்துக்கு முன்னே. பாளையக்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட காலம். மனிதரும் பேயும் ஒரே காட்டில் விறகு பொறுக்கின காலம். மஞ்சமலைப் பாளையத்தில் தொட்டப்பன் என்று ஒரு வேட்டைக்காரன் இருந்தான். மற்றவர்கள் மான் வேட்டைக்குப் போகிற மாதிரி அவன் பேய் வேட்டைக்குப் போவான். கையில் இரும்பு ஈட்டி, தோளில் வேப்பநார் வலை. அவன் மனைவி பொம்மக்கா. அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை. இன்னும் குப்புறக்கூட விழவில்லை.

"இந்தாங்க, அது என்ன சத்தம்?" என்றாள் பொம்மக்கா.

தொட்டப்பன் பதில் சொல்வதற்குள் தாழ்ப்பாள் தானாக நழுவிக் கதவு திறந்துகொண்டது. வாசலில் ஓர் உருவம், பனைமரத்தில் பாதி உயரம். கையில் கோல். கால் தரையில் பாவவில்லை.

"என் பங்கு தொட்டில்ல இருக்கு. எடுத்துக்க வந்தேன்" என்றது.

தொட்டப்பன் ஒரு கை உப்பை அள்ளி அதன் முகத்தில் எறிந்தான். உருவம் உதட்டை நக்கிப் பார்த்தது. "உப்பு போதும். பங்கு எங்கே?" என்றது. நல்லவேளை, சேவல் கூவியது. உருவம் மறைந்தது.

மறுநாளும் அதே சத்தம். தட்... தட்... தட்! தாழ்ப்பாள் நழுவியது, கதவு திறந்தது.

"என் பங்கு தொட்டில்ல இருக்கு."

தொட்டப்பன் ஈட்டியை வீசினான். புகைக்குள் போகிற மாதிரி அது உருவத்துக்குள் போய், எதிர் வீட்டு வைக்கோல் போரில் குத்தி நின்றது. சேவல் கூவுகிற வரைக்கும் பொம்மக்கா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் பேய் பிடிக்கிறவருக்குச் சொந்த வாசல்னதும் வேர்க்குதோ?" என்றாள் விடிந்ததும்.

"பாருடி, இன்னைக்கு வலை கட்டுறேன்."

கட்டினான். மூன்றாம் நாளும் சத்தம் வந்தது. தட்... தட்... தட்! தாழ் நழுவியது, கதவு திறந்தது, வலை விழுந்தது. தொட்டப்பன் தலையில் விழுந்தது! கருவாட்டு மூட்டை மாதிரி உருண்டு கிடந்தான் அவன். உருவம் குனிந்து உள்ளே வந்து தொட்டிலண்டை நின்றது.

"என் பங்கு தொட்டில்ல இருக்கு."

ஓடுவதற்கு இடம் இல்லை. கூப்பிடுவதற்கு ஆள் இல்லை. பொம்மக்கா தொட்டிலுக்கும் உருவத்துக்கும் நடுவே போய் நின்றாள். கேட்டாள்:

"எந்தப் பங்கு, அண்ணே?"

உருவத்தின் கோல் அசையாமல் நின்றது.

"வேட்டைச் சட்டம் உனக்குத் தெரியாதா தங்கச்சி? குத்தினவனுக்குத் தலை. வலை போட்டவனுக்குத் தோள். புதர் தட்டிக் கலைச்சவனுக்குக் கழுத்து. போன அமாவாசைக்கு உன் புருஷன் கொள்ளிவாய்ப் பிசாசைக் குத்தினானே, அதைக் கலைச்சவன் நான். அது கழுத்துல கிடந்த மணி என் பங்கு. பங்கை அமுக்கின வீட்டுல தாழ் நிக்காது."

பொம்மக்கா பிள்ளையைப் பார்த்தாள். அதன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அந்த மணி. பிசாசின் மணியைக் கட்டின பிள்ளையை எந்தப் பேயும் தொடாது என்று தொட்டப்பன்தான் கட்டிவிட்டிருந்தான்.

"ஏங்க, அன்னைக்குப் புதர் தட்டினது யாரு?"

வலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரோ ஒருத்தன். பங்கு போடுறப்போ கண்ணுக்குத் தெரியல."

"தெரியலையா, பார்க்கலையா?"

வலை ஒரு தரம் புரண்டது. "பார்த்தேன். வழிப்போக்கன்தானேன்னு விட்டுட்டேன். அதுக்காக அவிழ்த்துடாதேடி! அது இருக்கிறதாலதான் அவன் பிள்ளையைத் தொடாம நிக்கிறான். அவிழ்த்தா, தூக்கிட்டுப் போயிடுவான்!"

அதுவும் நிஜமாக இருக்கலாம். பொம்மக்கா உருவத்தை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காவலை எடுத்தால் பிள்ளை போகலாம். எடுக்காவிட்டால் நாளைக்கும் இந்தக் கதவு திறக்கும், நாளன்றைக்கும் திறக்கும். அடுத்தவன் பங்கு எத்தனை நாளைக்குத் தன் பிள்ளைக்குக் காவல் நிற்கும்?

தொட்டிலுக்குள் குனிந்தாள். முடிச்சு பிள்ளையின் எச்சிலில் ஊறி இறுகியிருந்தது, விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். கிணற்றடிக் கல்லைப் போலச் சில்லென்று இருந்தது மணி. ஒரு கையால் தொட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

"உங்க பங்கு, அண்ணே."

உருவம் வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டது. கட்டினதுதான் தாமதம், அரைப்பனை உயரம் ஆள் உயரமாகக் குறைந்தது. அந்தரத்தில் நின்ற கால் தரையில் பாவியது. விளக்கு வெளிச்சத்தில் சுவரில் ஒரு நிழல் விழுந்தது. எதிரே நின்றவன் முப்பது வயது ஆள், தலையெல்லாம் முள்ளும் சருகும்.

"அந்தப் பிசாசு முன்னே ஒரு நாள் என்னை விழுங்கினப்போ என் மூச்சு இந்த மணிக்குள்ளே சிக்கிக்கிச்சு. அதை மீட்கத்தான் அந்தப் பிசாசைக் கலைச்சுவிட்டேன்" என்றான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டான். "தங்கச்சி, கூழ் இருக்கா?"

இருந்தது. இரண்டு கலயம் குடித்தான்.

"மணிக்குப் பதிலா என் கோலை உன் வாசல்ல சாத்திட்டுப் போறேன். மஞ்சமலைப் பேய் ஒவ்வொண்ணும் இந்தக் கோலோட சத்தத்துக்கு ஓடினதுதான். எதுவும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காது" என்றான். வலையைத் திரும்பிப் பார்த்தான். "மச்சான், அடுத்த வேட்டைக்குச் சொல்லி அனுப்பு. பங்கு மட்டும் சரியாப் போடு."

தெருவில் அவன் நடந்துபோகிற காலடிச் சத்தம் நன்றாகக் கேட்டது. தொட்டிலில் பிள்ளை கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கிவிட்டது.

"அடியே, என்னை இதுலேருந்து எடுத்து விடேன்" என்றான் தொட்டப்பன்.

"இருங்க, முதல்ல கதவு."

பொம்மக்கா கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து தாழைப் போட்டாள். கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். தாழ் நின்றது.