சீரோவில் நின்ற முள்

“ஏனுங் டீச்சரம்மா, நம்பறாப்பல ஒரு பூஸ்ட் கேஜ் சொல்லுங். விலையும் கையைக் கடிக்கக் கூடாது.”

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நாச்சிமுத்து கேட்டுவிட்டார்.

எஸ்தர் நிமிரவில்லை. மேசையில் ஒரு பழைய மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாருக்கு?”

“கடைக்கு வர்றவங்களுக்குங். ஆளாளுக்கு டர்போ வண்டி வாங்கியாந்து மீட்டர் போடச் சொல்றாங்க. எதைப் போடறதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா தைரியமாப் போட்டுருவேன்.”

“நீங்க எதைப் போடலாம்னு இருக்கீங்க?”

நாச்சிமுத்து மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு மீட்டரை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பு முகம், சிவப்பு முள், பளபளவென்று வளையம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“இதைங்.”

“அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க. உங்களுக்கு யோசனை வேணுமா, சாட்சி வேணுமாண்ணா?”

நாச்சிமுத்து சிரித்து மழுப்பினார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் டீசல் வண்டிகளின் வேகத்தைக் கூட்டித் தருவதில் அவர் பேர் போனவர். நாற்பத்தெட்டு வயது. தன் பட்டறையில் எதிர்ப் பேச்சு கேட்டுப் பழக்கமில்லாதவர். அப்படிப்பட்டவர் தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய எஸ்தரிடம் மட்டும் கைகட்டி நின்று பாடம் கேட்பார். எஸ்தர் முன்பு கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் ஆசிரியை. இப்போது ஆனைகட்டி மலையடிவாரத்தில் வீடு. மீட்டர்களைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் வேலை. கேள்வியோடு போனவர்கள் பதிலோடு திரும்பியதாகப் பெரும்பாலும் சரித்திரமில்லை. வாயடைத்துத் திரும்பியவர்கள் உண்டு.

“புதுசா இது?” என்றார் எஸ்தர்.

“இல்லீங். எம் பொண்ணு வண்டில இருந்ததுங். உங்ககிட்டக் காட்டத்தான் கழட்டியாந்தேன். ஞாயித்துக்கிழமை மலையேத்தப் போட்டி. அதுக்குள்ள மாட்டிருவேன்.”

“பூங்கோதை ஓட்டுதா?”

“பின்னே! எம் பொண்ணுங்.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நாச்சிமுத்துவுக்குப் பூங்கோதை கிலோக்கணக்கில் பொன்.

எஸ்தர் எழுந்து ஒரு கால் பம்பை எடுத்துவந்தார். அதன் குழாயை இரண்டாகப் பிரித்து, ஒரு முனையில் நாச்சிமுத்துவின் மீட்டரை மாட்டினார். மறு முனையில் தான் துடைத்துக்கொண்டிருந்த பழைய மீட்டரை மாட்டினார்.

“மிதிங்க.”

நாச்சிமுத்து மிதித்தார்.

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. எவ்வளவு திணிக்கிறது என்று ஓட்டுபவருக்குச் சொல்வது பூஸ்ட் கேஜ். அளவோடு திணித்தால் வண்டி பறக்கும். அளவு மீறினால் இன்ஜின் உருகும். இந்த இடத்தில் அந்த விசிறியின் வேலையை நாச்சிமுத்துவின் கால் பார்த்தது.

பழைய மீட்டரின் முள் முதல் மிதியிலேயே எழும்பியது.

மாப்பிள்ளை மீட்டர் அசையவில்லை.

“இது கொஞ்சம் லேட்டாத்தானுங் எழும்பும்,” என்றார் நாச்சிமுத்து மூச்சுவாங்கிக்கொண்டே. “எழும்பிருச்சுன்னா கெத்தா நிக்கும்.”

எழும்பியது. நின்றது. பதினெட்டு பவுண்டு.

பழைய மீட்டர் இருபத்து நாலு காட்டியது.

“ஒரே காத்து,” என்றார் எஸ்தர். “ரெண்டு பேச்சு. எது நிஜம்?”

“உங்களுதுதானுங் தப்பு.”

“எப்படி?”

“அதைப் பாருங். என்ன நடுக்கம்! ஒரு எடத்துல நிக்குதா? நம்முளுதைப் பாருங்.” அவர் பம்பிலிருந்து காலை எடுத்துக் காற்றைத் திறந்துவிட்டார். சிவப்பு முள் இறங்கி, சீரோவில் வந்து டக்கென்று உட்கார்ந்தது. “காத்தில்லேன்னா சீரோ. மயிரிழை பிசகலை. உங்களுது சீரோகிட்ட வந்தும் மேலயும் கீழயும் ஆடிட்டுக் கெடக்குது. எதுங் நம்பற மாதிரி இருக்குது?”

பார்க்கிற யாருக்கும் அவர் சொல்வதுதான் சரி என்று படும்.

“வாங்கினப்பவே இப்படித்தான் நின்னுச்சா?”

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவர் அத்தனை தூரம் வண்டியோட்டி வந்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

“அங்கதானுங் நம்ம கை வேலை! வந்தப்ப இதுவும் ஆடிட்டுத்தானுங் இருந்துச்சு. இன்ஜின் ஓடாதப்பவே முள்ளு மேல கீழ தொங்கிட்டு, பாக்கவே அசிங்கமா. கண்ணாடியக் கழட்டி, சீரோவுக்கு அடில ஒரு சின்னக் குச்சி நட்டேன். முள்ளப் புடுங்கி, அந்தக் குச்சி மேல நல்லா அழுந்தி உக்கார்ற மாதிரி வெச்சுக் குத்துனேன். அதோட சரிங். அப்புறம் ஆடவே இல்ல.”

“ஆடவே இல்ல.”

“ஆடவே இல்லீங்.”

“பூங்கோதை என்ன சொல்லுச்சு?”

“அது கெடக்குதுங், சின்னப் புள்ள. மொதல்ல என்னமோ சொல்லிட்டிருந்துச்சு. வளைவுல வண்டி திடுதிப்புனு பாயுது, தீஞ்ச வாசம் வருதுன்னு. பட்டறைல அத்தனை பசங்க முன்னாடியும் வந்து, ‘அப்பா, வண்டி சரியில்லீங்’ங்குது. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்? ஒரு சத்தம் போட்டேன். ‘மீட்டரு பதினெட்டுங்குது. மீட்டரு பொய் சொல்லுமா? ஓட்டத் தெரியலேன்னா எறங்கிக்க, எவனாவது ஆம்பளப் பையன ஓட்டச் சொல்றேன்’னுட்டேன். அதோட சரியாப் போச்சு.”

“என்ன சரியாப் போச்சு?”

“அப்புறம் ஒரு புகாரும் இல்லீங். எப்பக் கேட்டாலும் வண்டி நல்லாருக்குதுன்னுதான் சொல்லும்.”

எஸ்தர் அவரைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, மெல்லிய மூக்குள்ள ஒரு குறடை எடுத்தார்.

கறுப்பு மீட்டரின் வளையத்தைத் திருகினார். கண்ணாடி கையோடு வந்தது.

“டீச்சரம்மா, பாத்துங். முள்ளு வளைஞ்சிரப் போவுது.”

எஸ்தர் முள்ளைத் தொடவில்லை. அதன் அடியிலிருந்த குச்சியைக் குறடால் பிடித்தார்.

பிடுங்கினார்.

முள் விழுந்தது.

சீரோவைத் தாண்டிக் கீழே விழுந்தது. எண்களே இல்லாத வெற்றுக் கறுப்பில் போய்த் தொங்கியது. ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தைந்து வருடத் தொழில். முள் சீரோவில் நிற்கவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. உண்மையில் அது கிடந்த இடம் ஆறு பவுண்டு கீழே. முதல் ஆறு பவுண்டுக் காற்றும் அந்தப் பள்ளத்திலிருந்து முள் ஏறி வருவதிலேயே செலவாகியிருக்கிறது. அப்படியானால் மீட்டர் பதினெட்டு என்றபோதெல்லாம்…

“இருபத்து நாலு,” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

எஸ்தர் பிடுங்கிய குச்சியை மேசையில் வைத்தார்.

“நாந்தானுங்… பதினெட்டு காட்டட்டும்னு நாந்தானுங் காத்தைக் கூட்டற ஸ்குரூவ முறுக்கினேன். பத்தலை பத்தலைன்னு முறுக்கினேன்.”

இருபத்து நாலில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் வந்த ஒரு வண்டியில் பிஸ்டன் வெல்லப்பாகாகி, கரண்டியால் அள்ளாத குறை. அந்த வண்டி நல்ல காலத்துக்குச் சமதரையில் நின்றது. பூங்கோதை ஓட்டுவது கொண்டை ஊசி வளைவுகளில். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் ஒன்றுமே இல்லை.

நாச்சிமுத்து முக்காலியைத் தேடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எஸ்தர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவர் குடிக்கவில்லை.

“எந்த மீட்டரை வாங்கட்டும்?” என்றார் கடைசியில், கேட்க வேண்டுமே என்று கேட்டதுபோல.

“எதை வேணும்னாலும் வாங்குங்க. பெரிய விலை வேண்டாம். வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாருங்க.”

“என்னதுங்?”

“முள்ளு கீழ போக இடம் இருக்கான்னு.”

நாச்சிமுத்து தலையாட்டினார். புரிந்த தலையாட்டல்தான். மீட்டரைப் பற்றி இதற்கு மேல் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“புள்ளைகிட்டச் சொல்லிர்றேனுங். வண்டியத் தொடக் கூடாதுன்னு.”

மணி அடித்தது. எடுத்தாள்.

“சொல்லுங்ப்பா.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு உயிர் வந்தது. உயிரோடு சேர்த்து வழக்கமான அதட்டலும் வந்துவிட்டது.

“எங்கிருக்கற? வண்டிய எடுத்தியா?”

“இல்லீங்ப்பா. வீட்லதான்.”

“வண்டி எப்படி இருக்குது?”

“நல்லாருக்குதுங்ப்பா.”

நாச்சிமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டு எஸ்தரைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது.

“நல்லாருக்குதாமுங். ஒண்ணும் ஆயிருக்காதாட்ட இருக்குது.”

எஸ்தர் மேசையிலிருந்த குச்சியை எடுத்தார்.

அதை மீட்டரின் ஓட்டையில் மறுபடி செருகினார். பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருந்த முள்ளை ஒரு விரல் நுனியால் தூக்கினார். குச்சியின்மேல் உட்கார வைத்தார்.

சீரோ. மயிரிழை பிசகவில்லை.

மீட்டரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

நாச்சிமுத்து மீட்டரைப் பார்த்தார். தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். திரும்ப மீட்டரைப் பார்த்தார்.

முதல் அதிர்ச்சி அவரைத் தரையில் உட்கார வைத்தது. இது எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அன்று பட்டறையில் தான் போட்ட சத்தம் காதில் கேட்டது.

“அப்பா? இருக்கீங்களா?”

“உண்மையச் சொல்லு!” கத்திவிட்டார். “வண்டி எப்படி இருக்குது?”

“நல்லாத்தானுங்ப்பா இருக்குது.” குரல் முன்னைவிடச் சின்னதாக, முன்னைவிட உறுதியாக வந்தது.

எஸ்தர் அசையாமல் மீட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

நாச்சிமுத்து கண்ணை மூடினார். பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. பிறகு பேசியபோது, பட்டறையில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் பேசினார். அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவருக்கும் புதுசுதான்.

“கண்ணு. அந்த மீட்டரு தப்பு சாமி. அப்பன்தான் கெடுத்து வெச்சிருக்கறேன். நீ அன்னைக்குச் சொன்னது அத்தனையும் நிசம்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை ஓட்ட வேண்டாம். அப்புறமும் உனக்குப் புடிச்சா ஓட்டு, புடிக்கலேன்னா விட்ரு. அப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“இத்தனை நாளா எப்படி இருந்துச்சு கண்ணு? எதுன்னாலும் சொல்லு. கேட்டுக்கறேன்.”

வெகுநேரம் ஒன்றுமில்லை. அவர் குறுக்கே பேசவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அப்போதும் பேசவில்லை.

“பயமா இருந்துச்சுங்ப்பா.”

“வண்டிய ஓட்டறதுக்கா சாமி?”

“இல்லீங்ப்பா. உங்ககிட்டச் சொல்றதுக்கு.”