நடுவட்டத்துச் சுண்ணாம்பு

கூவைக்குளம் கால்பந்துக் குழு விளையாடிவந்த புறம்போக்கு மைதானத்தை மிராசு வைகுண்டமூர்த்தி வேலி போட்டு அடைத்துவிட்டார். நாற்பது வருடமாக அங்கே தான் உழுது கடலை போட்டதாகச் சொல்லிப் பட்டாவும் கேட்டார். அடுத்து வந்த இரண்டு மழையில் ஆட்டக் கோடுகள் மண்மூடிப் போயின.

விசாரிக்க வந்த தாசில்தார், "நீங்க விளையாடினதுக்கு அத்தாட்சி காட்டுங்க. இல்லேன்னா நிலம் அவருக்குத்தான்" என்றார். குழுவிடம் ஒரு காகிதமும் இல்லை. வருடந்தோறும் மண்ணைக் கீறிச் சுண்ணாம்புக் கோடு போடும் செல்லக்கனி மண்வெட்டியோடு முன்னால் வந்தாள்.

"மொதலாளி, நடுவுலயும் உழுதீங்களா?"

"ஒரு அங்குலம் விடல. வேலி போட்டப்புறம்கூட டிராக்டர் விட்டேன். சுண்ணாம்பு போடுறவளுக்கு உழவு பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது மொதலாளி" என்றவள், நடுவில் போய் மண்வெட்டியால் மேல்மண்ணை வழித்தாள். விரற்கடை ஆழத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தது. அதைத் தொடர்ந்து வழித்துக்கொண்டே போனாள். கோடு எங்கும் அறுபடாமல் வளைந்து, பெரிய வட்டமாகத் திரும்பி வந்து சேர்ந்தது.

தாசில்தார் மிராசைப் பார்த்தார்.

"மொதலாளி வீட்டு டிராக்டர் ரொம்ப மரியாதையானதுங்கய்யா" என்றாள் செல்லக்கனி. "நாப்பது வருஷமும் கோட்ட மிதிக்காமயே உழுதிருக்கு."

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலியைப் பிரிக்கச் சொன்னார்.