கை வைத்தால் அணையும் திரை

“இந்த வேலையைச் செஞ்ச கை விளங்கவே விளங்காது டீச்சர். நம்பி உட்கார வெச்சேன். என் கடை வாசல்லயே என் மானத்தைக் கப்பலேத்திட்டுப் போயிடுச்சு.”

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சோலைமலை ஆரம்பித்துவிட்டார். கக்கத்தில் ஒரு கறுப்பு லேப்டாப்.

அமலோற்பவம் சாலிடரிங் கம்பியைத் தாங்கியில் செருகினார். “யாரோட கை?”

“அது எதுக்கு இப்போ? முதல்ல பொட்டியைப் பாருங்க.”

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்த மாடி அறை. கீழே தெரு நெடுக லேப்டாப் பழுது பார்க்கும் கடைகள். அங்கே கைவிட்டதெல்லாம் இந்த மாடிக்கு ஏறி வரும். அமலோற்பவம் ‘போர்டு போச்சு’ என்றால் அதற்கு மேல் யாரும் தொட மாட்டார்கள். ‘வேலை தப்பு’ என்றால் அதைச் செய்தவருக்கு அந்தத் தெருவில் பிழைப்பு இருக்காது.

சோலைமலை பழைய இரும்பு எடைபோட்டவர். ஏலத்தில் உடைசல் கம்ப்யூட்டர்களை எடுத்து, ஏமாந்து, ஏமாற்றி, அடிபட்டுக் கடை வைத்தவர். யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. வயதில் தன்னைவிட இளைய இந்தப் பெண்ணிடம் மட்டும் தினம் காலையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் கேட்பார். தொழிலில் தன் கோபம் செல்லாத இடம் இது ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும்.

“ஸ்க்ரீன் அணைஞ்சு அணைஞ்சு போகுது டீச்சர். கேபிள் மாத்தியாச்சு. ஸ்க்ரீனே மாத்தியாச்சு. மறுபடியும் அதே கதை. பழுது எங்க இருக்குன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

“அணையறப்போ பக்கத்துல என்னென்ன இருக்குன்னு பாக்கணும்.”

“என்ன இருக்கும்? மேசை இருக்கு, நாற்காலி இருக்கு. உங்களுக்கு எல்லாமே விடுகதைதான்.” சோலைமலை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். “விடுகதை வேணாம். ‘வேலை தப்பு’ன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

“என்ன பாத்துப்பீங்க?”

“இந்தத் தெருவுல தவமணிக்கு இனி நாற்காலி கிடையாது.”

தவமணி அவர் கடையில் பழுது பார்ப்பவள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

“நேத்தே போன் போட்டுக் கடைகள்ல சொல்லிட்டேன். உங்க வார்த்தையும் சேர்ந்துட்டா முத்திரை குத்தின மாதிரி.”

அமலோற்பவம் லேப்டாப்பைத் திறந்தார். திரை வெளிச்சமாக எழுந்தது. மூடியை முன்னும் பின்னும் அசைத்தார். ஓரத்தை விரலால் தட்டினார். ஏதோ தட்டச்சு செய்தார். எழுத்துகள் வரிசையாக ஓடின. திரை அணையவில்லை.

“உங்களைக் கண்டா ஒழுங்கா இருக்கு. கழுதை,” என்றார் சோலைமலை. “இப்படிக் குடுங்க.”

அவர் இழுத்து வைத்துத் தட்டினார். ஒரு வரி முடிவதற்குள் திரை கறுத்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா! நான் என்ன பொய்யா சொல்றேன்?”

“எங்கிட்ட குடுங்க.”

அமலோற்பவம் தட்டினார். ஓடியது.

“நீங்க.”

கறுத்தது.

“நான் முரட்டுத்தனமா தட்டறேனோ?”

“மெதுவாத் தட்டுங்க.”

பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதுபோலத் தட்டினார். அப்போதும் கறுத்தது.

“வலது கையால மட்டும்.”

ஓடியது.

“இடது கையால.”

கறுத்தது.

சோலைமலை தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் பளபளவென்று ஓர் எஃகு வளையம். உள்பக்கம் சின்னச் சின்னக் காந்த உருண்டைகள். பொருட்காட்சியில் வாங்கியது. மாட்டினால் இரத்தக் கொதிப்பு இறங்கும் என்று விற்றவன் சொன்னான். விலையை அடித்துப் பேசி வாங்கியதில் அவருக்கு ஒரு பெருமை.

“அதைக் கழட்டுங்க,” என்றார் அமலோற்பவம்.

கழற்றினார். அமலோற்பவம் அதை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டு, லேப்டாப்பின் இடது ஓரத்தில் மணிக்கட்டை வைத்துத் தட்டினார்.

திரை கறுத்தது.

“இப்போ சொல்லுங்க. எனக்கும் வேலை தெரியாதா?”

சோலைமலை தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“மூடியில ஒரு காந்தம் இருக்கும். கீழ அதைப் பாக்க ஒரு சென்சார். மூடினா காந்தம் கிட்ட வரும், ஸ்க்ரீன் அணைஞ்சிடும். நீங்க கை வெச்சதும் மூடியாச்சுன்னு அது நெனச்சுக்குது.”

“மத்த பொட்டியெல்லாம் அணையலையே?”

“இதுல அந்த ஓரத்துல வெச்சிருக்கான். மத்ததுல வேற இடம்.”

“அப்போ வேலை?”

“மூடியை ஆட்டிப் பாத்தப்பவே தெரிஞ்சுது, கேபிள்ல கோளாறு இல்ல. கைதேர்ந்த வேலை. ஸ்க்ரீன் மாத்தினதுதான் தண்டம். அதை மாத்தச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

சோலைமலை கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்தவர் கையால் எதுவும் வெளியே போகாது. முதலாளி உட்கார்ந்து ஒரு பக்கமாவது தட்டிப் பார்த்து, அவர் ‘சரி’ சொன்ன பிறகுதான் வாடிக்கையாளர் கைக்குப் போகும். தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பதற்காக அவரே வைத்த வழக்கம். தவமணி சரிசெய்து கொடுப்பாள். இவர் தட்டுவார். கறுக்கும். திருப்பி அனுப்புவார். கடைசியில் வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துக்கொண்டு தட்டினார். அப்போதும் கறுத்தது. அதோடு அவள் வேலை போயிற்று.

“தவமணி எதுவுமே சொல்லலையா?” அமலோற்பவம் கேட்டார்.

சோலைமலை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“அண்ணே.”

“சொன்னா.”

“என்னன்னு?”

“‘நான் தட்டினா அணையலைங்க. நீங்க கை வெச்சாத்தான் அணையுது’ன்னு சொன்னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என் கைக்கு ராசியில்லைன்னு சொல்றியாடி, என் கடையில நின்னுக்கிட்டு எனக்கேவான்னு...” குரல் இறங்கியது. “இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவ சொன்னா.”

கீழே ஆட்டோ ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. சோலைமலை வளையத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். உடனே அவருக்குள் இருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்தான்.

“சரி விடுங்க. போன் போட்டுக் கூப்பிடறேன். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தர்றேன். நாளையிலேருந்து வரட்டும். முடிஞ்சுது.”

“கடைகள்ல என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?”

“வேலை தெரியலைன்னு.”

“அவ்வளவுதானா?”

சோலைமலை காதைச் சொறிந்தார். “நல்ல கேபிளை வெளிய வித்துட்டுப் பழசைப் போட்டிருப்பான்னும் ஒரு வார்த்தை...”

“அவ வித்ததைப் பாத்தீங்களா?”

“கோவத்துல வந்திடுச்சு டீச்சர். எனக்கு வாய்தான் கெட்டது, மனசு கெட்டது இல்ல. தெருவுக்கே தெரியும்.”

அமலோற்பவம் மேசைக்கு அடியில் குனிந்தார். ஒரு துணிப்பையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சுருக்குக் கயிற்றைத் தளர்த்தினார். உள்ளே திருப்புளிகள், இடுக்கிகள், கைப்பிடியில் நூல் சுற்றிய ஒரு சாலிடரிங் கம்பி. அந்த நூலைச் சோலைமலைக்குத் தெரியும். சூடு தாங்கவில்லை என்று தவமணி சுற்றியது. தினமும் அதைக் கேலி செய்தவர் அவர்தான்.

“காலையில வந்தா. வேலை கேக்கலை. ‘திருடின்னு சொல்லிட்டாங்க டீச்சர், இனி யாரும் என்னை உட்கார விட மாட்டாங்க, இதை யாராவது வாங்கிப்பாங்களா’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இங்கயே வந்து உட்காரச் சொன்னேன். ‘திருடியைச் சேர்த்துக்கிட்டீங்கன்னு உங்களையும் பேசுவாங்க’ன்னு வெச்சுட்டுப் போயிட்டா.”

சோலைமலை அந்தப் பையைத் தொடப் போனார். பிறகு கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“சரி டீச்சர். ரெண்டு கடைக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். அங்கேருந்து மத்தவங்க காதுக்குத் தானாப் போயிடும்.”

அமலோற்பவம் பையின் கயிற்றை இறுக்கினார்.

“சரி, எல்லாக் கடைக்கும் போன் பண்றேன். பொட்டியிலதான் ஏதோ கோளாறு, ரெண்டு பேர் மேலயும் தப்பில்லைன்னு பொதுவாச் சொல்லிடறேன்.”

அமலோற்பவம் லேப்டாப்பை மூடினார்.

“கொஞ்சம் இறங்கி வாங்க டீச்சர். நான் கடை நடத்தறவன். நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?”

எதிராளி பேசாமல் இருந்தால் விலை ஏறிக்கொண்டே போகும். ஊருக்கே இந்த வித்தையைக் காட்டியவருக்கு, அது தன்மேல் நடக்கும்போது வியர்த்தது.

“சரி, நேர்லயே போறேன். போய்ச் சொல்லிட்டா அவ திரும்பி வந்திடுவான்னு நீங்க உறுதி குடுங்க. அவ வரலேன்னா, நான் அசிங்கப்பட்டதுதானே மிச்சம்?”

“அவ வரணும்னு யார் சொன்னா?” என்றார் அமலோற்பவம். “நீங்க போகணும். எந்தெந்தக் கடையில திருடின்னு சொன்னீங்களோ, அந்தந்தக் கடைப்படி ஏறுங்க. பொய் சொன்னது நான், அவ திருடலைன்னு சொல்லுங்க. போன்ல இல்ல, பொதுவா இல்ல. சொல்லி முடிச்சுட்டு இந்தப் பையைத் தூக்கிட்டுப் போய் அவ வாசல்ல நில்லுங்க. உள்ள கூப்பிடலைன்னாலும் நில்லுங்க. எழுந்திருங்க அண்ணே. நாளைக்கு இல்ல, இப்பவே.”